சிலிண்டர் முள் சொல்லும் நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான், ஊர் கோவில்பட்டி. வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்கள் முன்பெல்லாம் அபூர்வம். 2021 கொரோனா அலைக்குப் பிறகு எங்கள் பகுதியில் அது சாதாரணமாகிவிட்டது. காலமெல்லாம் பீடி குடித்தவர்கள், விறகடுப்புப் புகையிலேயே சமைத்துச் சமைத்து நெஞ்சு கெட்டுப்போன பெண்கள் என்று பலருக்கும் டாக்டர் எழுதிக்கொடுக்கிறார். வாடகைக் கடையிலிருந்து சிலிண்டர் வருகிறது. வந்த அன்றே வீட்டார் கேட்கும் முதல் கேள்வி: "இது எவ்வளவு நேரம் வரும்?"

இறக்கி வைக்கிறவர் "ஒரு நாள் தாங்கும்மா" என்பார். இன்னொருவர் "அது ஆளைப் பொறுத்தது" என்பார். இதை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் இரவு எப்படிக் கண்ணயரும்? சரியான விடை சிலிண்டரின் கழுத்திலும் ரெகுலேட்டரில் அழுத்தம் காட்டும் முள்ளிலும் இருக்கிறது. ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல் தெரிந்தால் யாரும் கண்டுபிடிக்கலாம். அதை அந்தக் குடும்பங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை என்பதால்தான் இந்தக் கடிதம்.

கறுப்பு உடம்பு, வெள்ளைத் தோள். இதுதான் மருத்துவ ஆக்சிஜன் சிலிண்டர். வீடுகளுக்கும் வேன்களுக்கும் பெரும்பாலும் வருவது 'பி டைப்' என்று சொல்லும் நடுத்தர சிலிண்டர். அதன் கழுத்தருகே உலோகத்தில் எண்கள் பொறித்திருக்கும். அதில் ஒன்று, அதற்குள் எத்தனை லிட்டர் தண்ணீர் பிடிக்கும் என்ற கணக்கு. பி டைப்புக்கு அது 10 லிட்டர். வார்டுகளில் ஆளுயரத்துக்கு நிற்குமே, அந்த 'டி டைப்'புக்கு 46.7 லிட்டர். நிரப்பும்போது 150 கிலோ அழுத்தத்துக்கு நிரப்புகிறார்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ என்று அர்த்தம். நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 1 கிலோ. அதாவது 10 லிட்டர் இடத்துக்குள் 150 மடங்கு நெருக்கி அடைத்த ஆக்சிஜன். வெளியே வந்தால் 1,500 லிட்டர் இடத்தை நிரப்பும்.

ஆகவே கணக்கு இதுதான். முள் காட்டும் எண்ணைச் சிலிண்டரின் லிட்டரால் பெருக்குங்கள். வருவது கையிருப்பு. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் போகிறதோ, அதால் வகுங்கள். வருவது நிமிடங்கள். பி டைப்புக்குப் பெருக்கவே வேண்டாம், முள் காட்டும் எண்ணுக்குப் பின்னால் ஒரு சைபர் போட்டால் போதும். முள் 120இல் நின்றால் 1,200 லிட்டர். டாக்டர் சொன்ன அளவு நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 600 நிமிடம், பத்து மணி நேரம். அதே சிலிண்டரில் 10 லிட்டர் போகிற நோயாளி என்றால் இரண்டு மணி நேரத்தில் காலி. "ஆளைப் பொறுத்தது" என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை; ஆனால் எப்படிப் பொறுத்தது என்று சொல்லியிருக்க வேண்டும்.

இந்தக் கணக்கு ஏன் பலிக்கிறது என்பதும் பிளஸ் ஒன் வேதியியல் புத்தகத்தில் இருக்கிறது. என் பேத்தி சத்தம் போட்டுப் படிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்: "மாறாத வெப்பநிலையில், குறிப்பிட்ட நிறையுள்ள வாயுவின் கனஅளவு அதன் அழுத்தத்திற்கு எதிர்விகிதத்தில் இருக்கும்." பாயில் விதி. ஊசி மாட்டாத பத்து மில்லி சிரிஞ்சை அவளிடம் கொடுத்து, நுனியைக் கட்டைவிரலால் இறுக அடைத்துக்கொண்டு பிஸ்டனை அழுத்தச் சொன்னேன். பத்திலிருந்து ஐந்து வரை கொண்டுவந்துவிட்டாள். அதற்குமேல் கை நடுங்கியது. ஐந்தில் உள்ளே அழுத்தம் இரண்டு மடங்கு. இரண்டரைக்குக் கொண்டுபோக வேண்டுமானால் நான்கு மடங்கு. அழுத்தமும் கனஅளவும் பெருக்கினால் வரும் எண் எப்போதும் ஒன்றேதான். கையை எடுத்ததும் பிஸ்டன் தானாகத் திரும்பி வந்ததைப் பார்த்தபோது அவள் முகத்தில் வந்த வெளிச்சம், சூத்திரத்தை ஒப்பித்தபோது வரவில்லை.

ராபர்ட் பாயில் 1662இல் இதை வெளியிட்டபோது செய்ததும் ஏறக்குறைய இதுதான். அவர் பாதரசத்தைக் கொண்டு அழுத்தினார். ஆங்கில 'ஜே' எழுத்தைப்போல வளைத்த நீண்ட கண்ணாடிக் குழாய். குட்டைப் பக்கம் மூடியிருக்கும், நெட்டைப் பக்கம் திறந்திருக்கும். மூடிய பக்கத்தில் 12 அங்குலக் காற்று அடைபட்டிருந்தது. திறந்த பக்கத்தில் பாதரசத்தை ஊற்றிக்கொண்டே போனார்கள். அறைக்குள் நிறுத்த முடியாத உயரம் என்பதால் மாடிப்படியில் வைத்துச் செய்தார்களாம். காற்று 12 அங்குலத்திலிருந்து 6 ஆகச் சுருங்கியபோது, கூடுதலாக ஊற்றிய பாதரசத்தின் உயரம் சுமார் 29 அங்குலம். வெளிக்காற்றின் அழுத்தமும் அதே 29 அங்குலத்துக்குச் சமம். ஆக அழுத்தம் இரட்டிப்பு, இடம் பாதி. அதைக் கண்ட மகிழ்ச்சியை அவரே எழுதி வைத்திருக்கிறார். 3 அங்குலம்வரை அழுத்தினார். வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்து நான்கு மடங்குக்கு 116½ அங்குலம் வர வேண்டும், 117½ அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக வந்தது. கையால் செய்த குழாயில், கண்ணால் அளந்து, இவ்வளவு நெருக்கம்! டவுன்லி என்பவரின் ஊகத்தைத்தான் சோதித்தேன் என்று பெயர் சொல்லி நன்றியும் காட்டியிருக்கிறார். உதவிக்கு இருந்தவர் ராபர்ட் ஹூக். பிரான்சில் மாரியோட் என்பவர் 1670களில் இதே முடிவை வெளியிட்டார்.

மாடிப்படியில் பிறந்த அந்த விதி நெடுஞ்சாலையில் எப்படி உயிர்ப்பிரச்சினை ஆகிறது என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒரு பெரியவருக்கு மூச்சுத்திணறல் முற்றி, மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். தனியார் வேன் ஒன்று வந்தது. மாஸ்க் வழியாக நிமிடத்துக்கு 10 லிட்டர். நான் ஏறி முள்ளைப் பார்த்தேன், 70இல் நின்றது. டிரைவர் தம்பி, "பாதி கெடக்குக்கா, மதுரை போயிரலாம்" என்றான். நல்ல பையன், அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். 70 பெருக்கல் 10, 700 லிட்டர். 10ஆல் வகுத்தால் 70 நிமிடம். கோவில்பட்டியிலிருந்து மதுரை சுமார் 100 கிலோமீட்டர். ஊருக்குள் நெரிசலையும் சேர்த்தால் இரண்டு மணி நேரம். விருதுநகரைத் தாண்டித் திருமங்கலம் சேர்வதற்குள் அந்தப் பெரியவரின் மாஸ்க்கில் ஒன்றும் வந்திருக்காது.

பெரியவரின் மகளிடம் கணக்கைச் சொன்னேன். "மதினி, அப்ப வேற சிலிண்டர் ஏத்தாம எடுக்க வேண்டாம்" என்று அந்தப் பெண்ணே குறுக்கே நின்றுவிட்டாள். கால் மணி நேரத்தில் நிறைந்த சிலிண்டர் ஒன்று வந்தது. அதை மாட்டி, பாதியைத் துணைக்கு வைத்து அனுப்பினோம். மதுரையில் இறக்கும்போது முள் 30ஐ ஒட்டி நின்றதாக அந்தத் தம்பி போனில் சொன்னான். 1,500 லிட்டரில் இரண்டு மணி நேரத்துக்கு 1,200 லிட்டர் செலவு, மீதி 300. பேப்பரில் போட்ட கணக்கு அப்படியே முள்ளில் வந்து நின்றிருக்கிறது. அன்றிலிருந்து அவன் வேனில் ஏறியதும் முதலில் முள்ளைப் பார்த்துக் கணக்குப் போடுகிறான்; நானே கண்டிருக்கிறேன்.

வீடுகளில் வரும் குழப்பத்துக்கு அடுப்படி சிலிண்டரும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். சமையல் கேஸைத் தூக்கிப் பார்ப்போம், ஆட்டிப் பார்ப்போம். அதே பழக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டரையும் ஆட்டிப் பார்க்கிறார்கள். சமையல் கேஸ் உள்ளே திரவமாக இருக்கிறது. திரவம் கொஞ்சம் இருக்கும்வரை மேலே உள்ள ஆவியின் அழுத்தம் குறையாது. கடைசிச் சொட்டு தீர்ந்த பிறகுதான் சரசரவென இறங்கும். ஆகவே அதற்கு முள் வைத்தாலும் பயனில்லை, எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஆக்சிஜன் அப்படியல்ல. நம் ஊர் வெப்பநிலையில் எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாகாது; மைனஸ் 118 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால்தான் அழுத்தித் திரவமாக்கவே முடியும். பெரிய மருத்துவமனை வளாகத்தில் நிற்கும் வெள்ளை டேங்கில் இருப்பதுதான் திரவ ஆக்சிஜன். வீட்டுக்கு வரும் இரும்பு சிலிண்டரில் முழுக்க வாயுதான். அதனால் முள் பாதிக்கு வந்தால் சரக்கும் பாதி. ஆட்ட வேண்டாம், தட்ட வேண்டாம்.

முள் சீராக இறங்கும் என்பதில் இன்னொரு நன்மை இருக்கிறது. இதை ஒவ்வொரு வீட்டாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை. 2 லிட்டர் வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 120 லிட்டர். 10 லிட்டர் சிலிண்டரில் அது முள்ளில் 12 கிலோ. அதாவது மணிக்கு 12 இறங்க வேண்டும். இரவு ஒன்பதுக்கு ஒரு முறை, பத்துக்கு ஒரு முறை பார்த்துக் குறித்துவையுங்கள். 12க்குப் பதில் 25, 30 இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. பெரும்பாலும் ரெகுலேட்டர் சேரும் இடத்து வாஷர் தேய்ந்திருக்கும். காதை வைத்தால் 'உஸ்' என்று கேட்கும். துணை சிலிண்டருக்கு நோயாளியை மாற்றிவிட்டு, கசிவதை மூடி, கடைக்காரரை வரச்சொல்லுங்கள். எண்ணெயோ கிரீஸோ தேங்காயெண்ணெய் தொட்ட கையோ அந்த இடத்தில் படவே கூடாது. அழுத்தமான ஆக்சிஜனில் எண்ணெய் தானாகவே தீப்பற்றும். சாமி விளக்கு, ஊதுபத்தி, பீடி எதுவும் அந்த அறைக்குள் வேண்டாம். வால்வைத் திறக்கும்போது மெதுவாகத் திறக்க வேண்டும்.

"மாறாத வெப்பநிலையில்" என்று புத்தகம் போடும் நிபந்தனையும் வெறும் சடங்கு இல்லை. சித்திரை வெயிலில் வாசலில் நிறுத்திய சிலிண்டர் 150க்குப் பதில் 158, 160 காட்டும். உள்ளே ஒரு சொட்டும் கூடவில்லை. சூடு ஏறியதால் அழுத்தம் ஏறியிருக்கிறது. பெரிய சிலிண்டரிலிருந்து சின்னதுக்கு அவசரமாக ஏற்றி உடனே கொண்டுவந்தாலும் அப்படித்தான். ஏற்றும்போது சிலிண்டர் சூடாகும். அந்தச் சூட்டில் 150 காட்டிய முள், நிழலில் ஆறியதும் இறங்கி நிற்கும். அது கசிவில்லை, ஆனால் முதலில் காட்டிய அளவுக்குச் சரக்கும் இல்லை. வாங்கியதும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், ஆறிய பிறகு காட்டும் எண்ணை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

முள் சைபருக்கு வந்தால் சிலிண்டர் சுத்தமாகக் காலி என்று நினைக்கிறார்கள். அதுவும் இல்லை. சைபர் என்றால் உள்ளே இருக்கும் அழுத்தமும் வெளிக்காற்றின் அழுத்தமும் சமம். பத்து லிட்டர் ஆக்சிஜன் அப்போதும் உள்ளே இருக்கிறது. ஆனால் தள்ளிவிட அழுத்தம் இல்லாததால் ஒரு மூச்சுக்கும் வராது. அதற்கு முன்பே ரெகுலேட்டரின் ஓட்டம் தடுமாறத் தொடங்கும். ஆகவே முள் 20க்கு வரும்போதே மாற்றிவிடுங்கள். கணக்குப் போடும்போதே முள்ளின் எண்ணில் 20ஐக் கழித்துவிட்டால் இன்னும் நல்லது. மிக உயர்ந்த அழுத்தத்தில் ஆக்சிஜன் பாயில் விதியிலிருந்து சற்றே விலகும் என்று பேத்தியின் ஆசிரியர் சொன்னாராம். உண்மைதான், ஆனால் 150 கிலோவில் அந்த விலகல் நமக்குச் சாதகமான பக்கம், கணக்கைவிடச் சற்றுக் கூடுதலாகவே உள்ளே இருக்கும். பயப்பட வேண்டியதில்லை. சில அழுத்த மீட்டரில் 2,000, 3,000 என்று பெரிய எண்கள் இருக்கும். அது பி.எஸ்.ஐ. அளவு, அதாவது ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கு; 14ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. சிலிண்டர் தீரப்போகிறதே என்று ஓட்டத்தை 2 லிட்டரிலிருந்து 1 லிட்டருக்குத் தாங்களாகக் குறைக்கக் கூடாது. நாள்பட்ட நுரையீரல் நோயாளிகளுக்கு, பாவம் மூச்சு வாங்குகிறதே என்று தாங்களாகக் கூட்டவும் கூடாது. அளவுக்கு மிஞ்சினால் உடம்பில் கரியமில வாயு தேங்கி மயக்கத்தில் கொண்டுபோய்விடும். ஓட்டம் எவ்வளவு என்பது டாக்டர் முடிவு; எவ்வளவு நேரம் வரும் என்பது நம் கணக்கு.

இனி என் கோரிக்கை. சிலிண்டர் வாடகைக்கு விடும் கடைகள் ஒவ்வொன்றிலும் தமிழில் ஒரு சீட்டு ஒட்டட்டும்: முள் 150, 100, 50 என்றால் 1, 2, 5, 10 லிட்டர் ஓட்டத்துக்கு எத்தனை மணி என்ற ஒரு சின்ன அட்டவணை. அச்சிட அதிகச் செலவாகாது. நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் வார்டில், மாத்திரை நேரம் சொல்லிக்கொடுக்கும் சிஸ்டரே முள் பார்க்கவும் சொல்லிக்கொடுக்க வேண்டும். என் தங்கைகளாகிய இன்றைய செவிலியர்களை இதை ஒரு பழக்கமாக வைத்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன். பிளஸ் ஒன் ஆசிரியர்கள் பாயில் விதிக்கு ஒரு கணக்காவது சிலிண்டரை வைத்துப் போடட்டும். அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் யாராவது ஒருவர் வீட்டில் தாத்தாவோ ஆச்சியோ மூக்கில் குழாயோடு இருக்கக்கூடும்.

உங்களிடம் கேட்பதும் ஒன்று உண்டு. இப்போது பல வீடுகளில் கரண்டில் ஓடும் ஆக்சிஜன் இயந்திரம் இருக்கிறது. மின்தடைக்குத்தான் சிலிண்டர் துணை. "நாளை மின்தடை, காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை" என்று நீங்கள் போடும் செய்தியை அந்த வீடுகளில் எவ்வளவு பதற்றத்தோடு படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். 2 லிட்டர் நோயாளிக்கு எட்டு மணி நேரத்துக்கு 960 லிட்டர் வேண்டும். பி டைப் சிலிண்டரில் முள் 96, கழிக்கச் சொன்ன 20ஐயும் சேர்த்தால் 116. அதற்குக் கீழே இருந்தால் முந்தின நாள் மாலையே கடைக்குச் சொல்லிவிட வேண்டும். மின்தடை அறிவிப்புக்குக் கீழே இந்தக் கணக்கை இரண்டு வரியில் கட்டம் கட்டிப் போடுங்கள், ஐயா.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
கோவில்பட்டி.